ராண்டா அப்தெல் ஃபத்தா: எந்த நாவலை முதலில் கொடுக்கலாம்?

ஆஸ்திரேலிய எழுத்தாளர் ராண்டா அப்தெல் ஃபத்தாவின் நாவலைப் பெங்களூரில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைப்பவர்கள் கீழே உள்ள இரண்டுக்கும் நடுவில் தயங்குகிறார்கள்.

கதை
‘டஸ் மை ஹெட் லுக் பிக் இன் திஸ்?’ (2005): மெல்போர்னில் வாழும் பாலஸ்தீன வம்சாவளிப் பெண் அமல், பதினாறு வயதில் தானே முடிவெடுத்து ஹிஜாப் அணிகிறாள்.
‘டென் திங்ஸ் ஐ ஹேட் அபவுட் மீ’ (2006): சிட்னியின் ஜமீலா, லெபனான் முஸ்லிம் என்பதை மறைக்க முடிக்குப் பொன்னிறச் சாயம் பூசி, பள்ளியில் ‘ஜேமி’ ஆகிறாள்.

நடை
அமல் படபடவென்று, வேடிக்கையாகப் பேசுவாள். ஜமீலா கதையில் மின்னஞ்சல்கள் இடையிடையே வருகின்றன. புதிய வாசகருக்கு எளிது.

கலந்துபேச
முதலாவதை இங்கே எடுத்தால் கல்வி நிலையங்களில் ஹிஜாப் அணிவது தொடர்பான கர்நாடகத்தின் 2022 பிப்ரவரி அரசாணையும் மார்ச் 15 உயர் நீதிமன்றத் தீர்ப்பும் பேச்சில் வந்தே தீரும். அப்போது குழுவிலுள்ள ஒரே முஸ்லிம் மாணவியை எல்லோருக்கும் விளக்கம் சொல்ல வைத்துவிடுவார்கள்; அது அவளுக்குப் பெரும் சுமை. ‘அமல் ஏன் இப்படி முடிவெடுத்தாள்?’ என்று கேள்வியைப் புத்தகத்துக்கே திருப்புங்கள்.
இரண்டாவதற்கு இந்தக் கவனம் குறைவாகப் போதும். வீட்டுத் தமிழைப் பள்ளியில் மறைக்கும் பிள்ளை, எந்த மதமானாலும், ஜமீலாவை உடனே புரிந்துகொள்ளும்.

கலவையான குழுவுக்கு ஜமீலா. நம்பிக்கை பற்றி மனம்விட்டுப் பேசத் தயாரான பிள்ளைக்கு அமல்.