நான்கு பிளேஸ்டேஷன் கேம்கள், ஒரு பழைய பிராசசர்: எந்த பிசி போர்ட் தேறும்?

பிளேஸ்டேஷனில் மட்டுமே ஆட முடிந்த பெரிய கேம்கள் 2020 முதல் ஒவ்வொன்றாக பிசிக்கு வர ஆரம்பித்தன. தனியாளாக ஆடும் கேம் ஒன்று வாங்கலாம் என்று நான் தேடியபோது கடைசியில் நின்றவை நான்கு: ஹொரைசன் ஜீரோ டான் (பிசியில் 2020 ஆகஸ்ட்), டேஸ் கான் (2021 மே), காட் ஆஃப் வார் (2022 ஜனவரி), ஸ்பைடர்-மேன் ரீமாஸ்டர்ட் (2022 ஆகஸ்ட்). நான் எடுத்தது டேஸ் கான். பிளேஸ்டேஷனில் வந்த காலத்தில் இந்த நாலில் விமர்சகர்களிடம் குறைவாக மதிப்பெண் வாங்கியது அதுதான். கதையை மட்டும் பார்த்தால் நானும் காட் ஆஃப் வாரைத்தான் மேலே வைப்பேன். ஆனால் நல்ல கேம் எது என்பது ஒரு கேள்வி, நல்ல போர்ட் (ஒரு கருவிக்கான கேமை வேறு கருவியில் ஓடும்படி மாற்றித் தருவது) எது என்பது வேறு கேள்வி. எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாக இருந்தது, ஏனென்றால் என்னிடம் இருப்பது நான்கு கோர் கொண்ட பழைய இன்டெல் பிராசசரும் ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டும்.

முதலில் எல்லோரும் பார்க்கிற விஷயங்களை முடித்துவிடலாம். ரெசல்யூஷனை மாற்றலாமா, ஃப்ரேம் ரேட்டுக்கு (நொடிக்கு எத்தனை படம் என்பதற்கு) பூட்டு இல்லையா, மவுஸ் ஒழுங்காக வேலை செய்கிறதா, கீபோர்டில் பட்டன்களை மாற்றிக்கொள்ளலாமா? நாலிலும் பதில் ஆமாம். இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். 2012-இல் டார்க் சோல்ஸ் பிசிக்கு வந்தபோது திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உள்ளே படம் 1024-க்கு 720 அளவில்தான் உருவானது, ஃப்ரேம் ரேட் 30-இல் பூட்டப்பட்டிருந்தது. ரசிகர் ஒருவர் எழுதிய மோட் (கேமை மாற்றும் கூடுதல் நிரல்) அதைச் சரிசெய்தது. அந்த மோடை வைத்து 60 ஃப்ரேமுக்கு ஏற்றினால் கதாநாயகன் தாண்டும் தூரம் குறைந்துபோகும். கேமின் கணக்குகள் ஃப்ரேமோடு கட்டப்பட்டிருந்ததுதான் காரணம். அந்தக் காலம் முழுசாகப் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. ஹொரைசன் பிசிக்கு வந்த புதிதில், மற்றதெல்லாம் 60-இல் ஓட, சில அனிமேஷன்கள் மட்டும் 30-இல் ஓடின. பின்னால் வந்த பேட்ச்களில் அது சரியானது.

அடுத்து கிராபிக்ஸ் கார்டு. இங்கே ஒரு வேடிக்கை. நாலு கேம்களின் அதிகாரப்பூர்வப் பரிந்துரைப் பட்டியலிலும் என்விடியா பக்கம் இருப்பது ஒரே கார்டுதான்: 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060. கார்டை வைத்துத் தேர்வு செய்ய வழியே இல்லை. அப்புறம் வித்தியாசம் எங்கே இருக்கிறது? பிராசசரில். கன்சோலிலிருந்து வந்த கேமை எடைபோட நான் இப்போது முதலில் பார்ப்பது அதைத்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிளேஸ்டேஷன் 4-இல் இருந்தது 1.6 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் எட்டு கோர் ஜாகுவார் பிராசசர். 2013-இலேயே அது மலிவான லேப்டாப்களுக்கான ரகம். அதற்காக எழுதப்பட்ட கேம், சுமாரான டெஸ்க்டாப் பிராசசரில்கூடத் தூங்கிக்கொண்டே ஓட வேண்டும். நடைமுறையில் அப்படி நடப்பதில்லை. கன்சோலில் பிராசசர் செய்யவே தேவையில்லாத சில வேலைகள், பிசிக்கு வந்ததும் அதன் தலையில் விழுகின்றன.

முதல் வேலை ஷேடர். ஒளி, நிழல், பரப்பு எல்லாம் எப்படித் தெரிய வேண்டும் என்று கார்டுக்குச் சொல்கிற சின்னச் சின்ன நிரல்கள் இவை. கன்சோலில் இருக்கும் சிப் எது என்று தயாரிப்பாளருக்குத் தெரியும் என்பதால் ஷேடர்களை முன்கூட்டியே கம்பைல் செய்து டிஸ்க்கில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பிசியில் யார் வீட்டில் எந்தக் கார்டு, எந்த டிரைவர் என்று யாருக்குத் தெரியும்? கம்பைல் செய்யும் வேலை நம் பிராசசரிடம் வருகிறது. டிரைவரை அப்டேட் செய்தால் மறுபடியும் முதலிலிருந்து. இதை எப்போது செய்வது என்பதில்தான் போர்ட் செய்பவரின் கைத்திறன் தெரியும். ஆடும்போதே செய்தால், ஒவ்வொரு புது வெடிப்பும் புது எதிரியும் வரும்போது படம் ஒரு கணம் திக்கும். மொத்தத்தையும் முதலிலேயே செய்தால் காத்திருக்க வேண்டும். 2023 மார்ச்சில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 வந்தபோது பழைய பிராசசர் வைத்திருந்தவர்கள் மெனுவிலேயே ஒரு மணி நேரத்துக்குப் பக்கம் உட்கார்ந்திருந்தது இதனால்தான்.

இரண்டாவது வேலை, சுருக்கி வைத்த தகவலை விரிப்பது. பிளேஸ்டேஷன் 5-இல் அதற்கென்று தனி வன்பொருளே இருக்கிறது. பிசியில் பெரும்பாலும் பிராசசர்தான் விரிக்க வேண்டும். பரந்த உலகத்தில் வேகமாக நகரும் கேம் என்றால் இந்த வேலை ஓயவே ஓயாது.

இந்தத் திக்கல்களை சராசரி ஃப்ரேம் எண் மறைத்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். ஒரே ஒரு ஃப்ரேம் 80 மில்லிசெகண்ட் எடுத்தால் கண்ணுக்கு அது தெளிவாகத் தட்டுப்படும். ஆனால் சராசரி 60-இலிருந்து 56-க்குத்தான் இறங்கும். ரிவ்யூக்களில் சராசரியை மட்டும் பார்த்துவிட்டு வாங்கினால் ஏமாறுவது உறுதி. ஃப்ரேம் டைம் வரைபடம் காட்டும் வீடியோவைத் தேடிப் பாருங்கள்.

சரி, இந்த அளவுகோலை வைத்து நாலையும் பார்ப்போம்.

ஸ்பைடர்-மேன்தான் தொழில்நுட்பத்தில் மேலே நிற்கிறது. பிசிக்குக் கொண்டுவந்தது நிக்ஸஸ், போர்ட் செய்வதில் பேர் எடுத்த நிறுவனம், 2021-இல் சோனி அதை வாங்கிக்கொண்டது. கட்டடக் கண்ணாடிகளில் ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) பிரதிபலிப்பு, டிஎல்எஸ்எஸ் (சிறிய படத்தைப் பெரிதாக்கி ஃப்ரேமைக் கூட்டும் என்விடியா வசதி), அடுக்கடுக்கான செட்டிங்ஸ் என்று எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் இதன் மூலம் பிளேஸ்டேஷன் 5 பதிப்பு. நியூயார்க்கின் மேலே வலை வீசிப் பறக்கும்போது நகரம் நொடிக்கு நொடி உள்ளே வந்துகொண்டே இருக்க வேண்டும். ரே டிரேசிங்கைப் போட்டால் அதற்கான காட்சிக் கட்டமைப்பைத் தயார்செய்யும் பளுவும் பிராசசருக்குச் சேரும். உச்ச ரே டிரேசிங்குக்கு அதிகாரப்பூர்வப் பட்டியல் கேட்பது ஐ7 12700கே. நியாயத்துக்குச் சொல்லிவிடுகிறேன்: ரே டிரேசிங் இல்லாமல், மீடியம் செட்டிங்ஸில், 1080பி 60 ஃப்ரேமுக்கு அதே பட்டியல் ஐ5 4670 போதும் என்கிறது. அதுவும் நான்கு கோர்தான். போதும் என்பதற்கும் தாராளம் என்பதற்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

ஹொரைசனைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. தொடக்கத்தில் தடுமாறி, மாதக்கணக்கில் பேட்ச் வாங்கி நல்ல போர்ட்டாக ஆனது. 2024 கடைசியில் ரீமாஸ்டர்ட் பதிப்பு வந்ததையொட்டி பழைய கம்ப்ளீட் எடிஷன் ஸ்டீம், எபிக் ஆகிய இணையக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. பழைய கணினிக்குத் தோதான பதிப்பை அங்கே புதிதாக வாங்க வழியில்லை. ரீமாஸ்டர்ட் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அது வேறு கணினிகளுக்கு.

காட் ஆஃப் வார் நெருக்கமான இரண்டாவது. டைரக்ட்எக்ஸ் 11-இல் (கேமுக்கும் கார்டுக்கும் நடுவே நிற்கும் விண்டோஸ் மென்பொருளின் பழைய பதிப்பு) ஓடுகிறது, பட்டியல் கேட்பது ஐ5 6600கே. கேமரா வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டாக நகரும் கதை என்பதால் லோடிங்கை எங்கே ஒளித்து வைப்பது என்று மூலத்திலேயே யோசித்து வடிவமைத்திருக்கிறார்கள். கதாநாயகன் கிரேட்டோஸ் பாறை இடுக்கில் உடம்பை நுழைத்து மெல்ல நகரும் இடங்களெல்லாம் அதற்குத்தான். அந்தத் திட்டமிடல் பிசியிலும் உதவுகிறது. அப்புறம் ஏன் இதை எடுக்கவில்லை? இது பிளேஸ்டேஷன் 4-இலேயே நன்றாக ஓடிய கேம். பிசியில் ஃப்ரேம் கூடுகிறது, படம் கூர்மையாகிறது, அவ்வளவுதான். கோடரியை வீசித் திரும்ப வரவழைப்பதற்குக் கண்ட்ரோலரே போதும், மவுஸால் பெரிய லாபம் எதுவும் இல்லை.

டேஸ் கான் கதை வேறு. 2019-இல் பிளேஸ்டேஷனில் வந்தபோது பக்குகளும் ஃப்ரேம் சரிவுமாக அதன் பெயர் கெட்டது. இத்தனைக்கும் அதன் ஆதாரக் காட்சியே பிராசசரைப் பிழிகிற வகை: நூற்றுக்கணக்கான ஃப்ரீக்கர்கள் (ஜாம்பி மாதிரியான எதிரிகள்) கூட்டமாக, ஒவ்வொருவரும் தனித்தனியாக வழி தேடி, வேலி தாண்டி நம்மைத் துரத்துவது. ஜாகுவார் பிராசசருக்குள் அதை அடக்க, கேமை உருவாக்கிய பெண்ட் ஸ்டுடியோ பட்ட பாடு, பிசியில் நமக்கு லாபமாக வந்திருக்கிறது. அந்தக் கூட்டம் முழுவதும் திரையில் இருக்கும்போதும் என் நான்கு கோரில் 60-ஐ ஒட்டியே நிற்கிறது. அன்ரியல் என்ஜின் 4-இல் செய்த கேம்கள் பல ஷேடர் திக்கலுக்குப் பேர்போனவை. இதுவும் அதே என்ஜின்தான், ஆனால் அந்தத் திக்கல் பொதுவாகக் குறைவாக இருக்கும் டைரக்ட்எக்ஸ் 11-இல் ஓடுவது. புதிய பகுதிக்குள் பைக்கில் வேகமாக நுழையும்போது எப்போதாவது லேசாக ஒரு இழுப்பு தெரியும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மவுஸ் வந்ததும் கேமே மாறிவிடுகிறது. துப்பாக்கிச் சண்டைதான் இதன் பாதி. கண்ட்ரோலர் குச்சியில் குறிவைத்து முப்பது ஃப்ரேமில் கூட்டத்தை எதிர்கொள்வதும், மவுஸில் அறுபதில் எதிர்கொள்வதும் ஒன்றல்ல. மரம் அறுக்கும் பழைய ஆலையில் ஒரு பெரும் கூட்டம் வரும். கன்சோலில் பலர் அலுத்து விட்ட இடம் அது. பிசியில் அங்கே எங்கே ஓடுவது, எந்தக் குறுகிய வழியில் கூட்டத்தை இழுத்து வந்து குண்டு வீசுவது என்று திட்டம் போட்டு ஆட முடிகிறது. பார்வைப் புலத்தை அகலமாக்கும் ஸ்லைடர் இருப்பதால் பின்னால் வருபவர்களும் கொஞ்சம் கண்ணில் படுகிறார்கள். காட் ஆஃப் வார் போர்ட் நல்ல கேமை நல்லதாகவே கொண்டு வந்தது. டேஸ் கான் போர்ட், சுமார் என்று ஒதுக்கப்பட்ட கேமை அது இருக்க வேண்டிய நிலைக்குக் கொண்டு வந்தது. போர்ட் என்ற வகையில் எனக்கு இரண்டாவதுதான் பெரிய வேலை.

குறைகள் உண்டு. வெளிவந்தபோது டிஎல்எஸ்எஸ் இல்லை, ரே டிரேசிங்கும் இல்லை. இடையிடையே வரும் சின்னச் சின்னக் கதைக் காட்சிகள் ஆட்டத்தை அறுத்துக்கொண்டே இருக்கும். அது போர்ட்டின் தவறு இல்லை, மூலத்தின் பழக்கம். முதல் சில மணி நேரம் ஆமை வேகம்.

நான் சொன்னதெல்லாம் நான்கு கோரும் என்விடியா கார்டும் வைத்து ஆடிய அனுபவம். ஏஎம்டி கார்டு, கைக்கு அடங்கும் ஸ்டீம் டெக் மாதிரிக் கருவிகள் பக்கம் நான் போனதில்லை, அவற்றில் வரிசை மாறலாம். ஆறு அல்லது எட்டு கோர் புதிய பிராசசரும் ரே டிரேசிங் கார்டும் உங்களிடம் இருந்தால் யோசிக்காமல் ஸ்பைடர்-மேனை எடுங்கள். நான் சொன்ன காரணங்கள் உங்களுக்குப் பொருந்தாது.

சந்தேகம் இருந்தால் வாங்கிப் பார்த்தே முடிவு செய்யலாம். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஸ்பைடர்-மேனில் ஆரம்பமே வலை வீசிப் பறப்பதுதான் என்பதால் பிராசசரின் கதி உடனே தெரிந்துவிடும். டேஸ் கானில் பெரிய கூட்டங்கள் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் வராது. அங்கே பைக்கை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் ஓட்டி, ஃப்ரேம் டைம் கோடு நேராகப் போகிறதா என்று பாருங்கள். மெனுவில் காத்திருக்கும் நேரமும் அந்த இரண்டு மணியில் சேரும் என்பதால், செட்டிங்ஸை மாற்றி மாற்றிப் பார்ப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.