சிறிய ஊர்களுக்கு எது சரி: ஏடிஆரா, ஏர்பஸ்ஸா?

இந்திய விமானத் துறை வளர்கிறது என்றதும் எல்லோரும் நூற்றுக்கணக்கில் ஆர்டர் போட்ட ஏர்பஸ் ஏ320 ஜெட் விமானம் பற்றித்தான் பேசுகிறார்கள், ஆனால் சேலம் மாதிரி ஊருக்கு விமானம் வருவதே ஏடிஆர் 72 என்ற சிறிய புரொப்பெல்லர் விமானம் இருப்பதால்தான். ஏடிஆரில் எழுபது சொச்சம் இருக்கை, ஏ320-இல் 180 பக்கம். சிறிய ஊரில் தினமும் 180 பேருக்கு எங்கே போவது?

அடுத்து ஓடுதளம். ஏடிஆருக்குச் சுமார் 1,300 மீட்டர் போதும். ஏ320 முழுச் சுமையோடு கிளம்ப 2,000 மீட்டருக்கு மேல் கேட்கும், சேலத்தில் இருப்பதோ 1,800 சொச்சம்தான். நீட்டலாமே என்றால், நிலம் எடுப்பதில் படும் பாடு தெரிந்ததுதானே. அப்புறம் செலவு: குறைந்த தூரத்தில் ஏடிஆர் எரிபொருளை நன்றாகவே மிச்சம் பிடிக்கும். 2017-இல், சிறிய ஊர்களுக்கு விமானம் விடும் அரசின் உடான் திட்டத்தின் முதல் விமானம் சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் பறந்தபோதும் அது ஏடிஆர்தான்.

வேகத்தில் மட்டும் ஏ320 எங்கேயோ இருக்கிறது, மணிக்கு 800 கி.மீ. தாண்டும், ஏடிஆர் 500 பக்கம். ஒரு மணி நேரப் பயணத்தில் அது பெரிய வித்தியாசமில்லை. சென்னையிலிருந்து டெல்லிக்கு ஏடிஆரில் போகச் சொன்னால் மட்டும் நான் வரமாட்டேன்.