வெர்னியரா, டயலா, டிஜிட்டலா?

பட்டறையில் இருந்த டயல் காலிப்பர் (பொருளை வாயில் கவ்வி அளவு பார்க்கும் கருவி, முள் சுற்றி அளவு காட்டும் வகை) கைவிட்டதும், புதிதாக ஒரு 150 மி.மீ. வாங்கப் போனேன். திரும்பி வந்தது பழைய மாதிரி வெர்னியரோடு, அதாவது பெரிய அளவுகோலின் மேல் நகரும் குட்டி அளவுகோலில் கோடு பார்த்துப் படிக்கும் வகையோடு. “இன்னுமா கோடு எண்ணுறீங்க அண்ணே?” என்று லேத்துப் பையன் சிரித்தான்.

படிக்கச் சுலபம் எது என்றால் டிஜிட்டல்தான், அதில் சண்டையே இல்லை. அடுத்தது டயல். வெர்னியரை விற்கப் போனால் காசு தேறாது. சரி, அதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததே.

நான் பார்த்தது பராமரிப்பை மட்டும்தான். டயலின் முள்ளைச் சுற்றுவது காலிப்பரின் நீளச் சட்டத்தில் திறந்து கிடக்கும் பொடிப்பல் வரிசை. வார்ப்பிரும்புத் தூள் ஒன்று அதில் மாட்டினால் சக்கரம் ஒரு பல் தாண்டிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. 25 மி.மீ. ஷாஃப்ட், கடைசி வெட்டுக்கு 0.3 விட்டு நிறுத்தியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னும் நுணுக்கமாக அளக்கும் மைக்ரோமீட்டர் வைத்தால் 24.88. காலிப்பரின் வாயை மூடிப் பார்த்தேன், முள் சுழியில் (பூஜ்ஜியத்தில்) நிற்கவில்லை. ஜாப் போச்சு. அளக்குமுன் ஒருமுறை மூடிப் பார்த்திருக்கலாம், அது என் சோம்பல்.

டிஜிட்டலில் பல் இல்லை. ஆனால் ஸ்கேலுக்கு அடியில் இருக்கும் மின்தகடுகளைத்தான் அது உணர்கிறது. கூலண்ட் ஈரம் உள்ளே போனால் எண்கள் ஆடும். மலிவானவை அணைத்து வைத்தாலும் பட்டன் செல்லைக் குடிக்கும். எல்.ஆர்.44 என்ற வகை செல்லுக்குப் பதில் அதே அளவிலான எஸ்.ஆர்.44 போட்டால் கொஞ்சம் தாங்கும். தூசியும் நீரும் புகாத ஐ.பி.67 தரத்தில் வருவது ஈரத்துக்கு அசராது என்கிறார்கள். நண்பர் பட்டறையில் ஒரு நாள் தொட்டதோடு சரி, அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

வெர்னியருக்கு ஒரு துணி, ஒரு சொட்டு எண்ணெய். மேல்விளிம்பில் இரண்டு குட்டித் திருகுகள் உண்டு. வாய் ஆட்டம் கண்டால் அதை லேசாக முடுக்கினால் போதும். கோடு எஃகில் பொறித்தது, தாண்டவோ அணையவோ எதுவுமில்லை.

படிப்பதும் பழகினால் நொடி வேலைதான். குட்டி அளவுகோலில் 49 மி.மீ. நீளத்தை 50 பாகமாகப் பிரித்திருப்பதால், பெரிய அளவுகோலின் 1 மி.மீ.-ஐ விட ஒரு பாகம் 0.02 குறைவு; ஆகவே ஒரு கோட்டுக்கு 0.02. வெர்னியரின் சுழி 24-ஐத் தாண்டி நிற்கிறது, அதிலுள்ள 9 என்ற எண்ணுக்கு அடுத்த மூன்றாவது கோடு பெரிய அளவுகோலின் ஒரு கோட்டோடு ஒட்டுகிறது என்றால், 24 + 0.90 + 0.06, ஆக 24.96. பக்கவாட்டில் இருந்து பார்த்தால் பக்கத்துக் கோடு பொருந்துவதுபோல் ஏமாற்றும். கண் நேராக இருக்க வேண்டும்.

ஒரு குறையை மறைக்கக் கூடாது. எனக்கு வெள்ளெழுத்து தொடங்கிவிட்டது. சாயங்காலம் டியூப்லைட் அடியில் அடுத்தடுத்த இரண்டு கோடுகளும் ஒட்டுவதுபோலவே தெரிகின்றன. இப்போதைக்குக் கருவிப்பெட்டியில் ஒரு பூதக்கண்ணாடி போட்டு வைத்திருக்கிறேன்.