புத்தகயாவும் அமிர்தசரஸும்: இரு தலங்கள், இரு நிலைமைகள்

புத்தகயாவில் வழிபாட்டின் மையம் ஒரு மரம். புத்தர் ஞானம் பெற்ற இடத்தில் இன்று நிற்கும் அரசமரம் 19ஆம் நூற்றாண்டில் நடப்பட்டது. ஆனால் அந்த இடத்தின் மரபு அசோகர் காலத்துக்கும் முந்தையது. அமிர்தசரஸ் பொற்கோயிலின் மையம் ஒரு நூல். 1604இல் சீக்கிய குரு அர்ஜன், சீக்கியர்களின் புனித நூலான ஆதி கிரந்தத்தை அங்கே எழுந்தருளச் செய்தார். நான்கு வாசல்கள், யாவருக்கும் திறந்த கதவு; லங்கர் எனும் பொது உணவுக்கூடத்தில் எல்லோரும் ஒரே தரையில் அமர்ந்து உண்கிறார்கள். சாதி பார்த்துப் பந்தி பிரித்த நாட்டில் இது எவ்வளவு பெரிய காரியம்!

எனக்கு முக்கியமாகப் படும் வேறுபாடு நிர்வாகத்தில் இருக்கிறது. சீக்கியர்கள் உயிர்களைப் பலிகொடுத்துப் போராடி, 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தங்கள் வழிபாட்டுத் தலங்களான குருத்வாராக்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் குழுவின் கீழ் கொண்டுவந்தார்கள். புத்தகயாவின் மகாபோதி கோயிலோ 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி, நான்கு பௌத்தர்களும் நான்கு இந்துக்களும் கொண்ட குழுவிடம் இருக்கிறது. தலைவர் மாவட்ட ஆட்சியர். நிர்வாகத்தை முழுமையாகத் தங்களிடம் ஒப்படைக்கும்படி பிக்குகள் கேட்பது நியாயம் என்றே கருதுகிறேன்.

முதல் பயணத்துக்கு அமிர்தசரஸையே சொல்வேன். அங்கே விருந்தினராகவே நடத்துவார்கள். தனித்து அமர்ந்து தியானிக்க விரும்புவோர் புத்தகயாவுக்குப் போகலாம், கோடையைத் தவிர்த்து.