ஜோங்காவுடன் சில ஆண்டுகள்: மலைக்குப் போனதும் காட்டுக்குப் போகாததும்

ராணுவத்தின் பழைய ஜீப் வகை வண்டியான ஜோங்காவை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, பச்சை நிறத்தின் மேல் ஆசையா, வண்டியின் மேல் ஆசையா என்பதைத்தான். நிறத்துக்காக என்றால் அந்த ஆசை நிறைவேறாது. ராணுவத்தின் ஆலிவ் பச்சையைத் தனியார் வண்டிக்குப் பூசக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆம் விதி சொல்கிறது. என் வண்டி வெளிறிய மணல் நிறம். பார்ப்பவர்களில் பாதிப் பேர் பழைய மகிந்திரா ஜீப் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மீதிப் பேர் 'தோனி வண்டி' என்கிறார்கள். 2019இல் அவர் ஒன்றை வாங்கியதிலிருந்து அந்தப் பெயரை இழுக்காமல் எந்தத் தரகரும் விலை பேசத் தொடங்குவதில்லை.

மகிந்திராவுக்கும் இதற்கும் உறவு கிடையாது. இது ஜப்பானின் நிசான் பேட்ரோல் 60 வரிசை வண்டி. உரிமம் பெற்று, நம் ராணுவத்துக்காகத் தயாரித்தது ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலை. ஜப்பானில் 1980இல் அந்த வரிசை நின்றுபோனது. ஜபல்பூரில் 1999 வரை தொடர்ந்தது. 3,956 சிசி, ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். பவர் ஸ்டீயரிங் இல்லை. அதிகாரிகள் உட்கார்ந்து போனதும் இதில்தான், 106 மி.மீ. டாங்கி எதிர்ப்புப் பீரங்கியை ஏற்றிப் போனதும் இதில்தான்.

வாங்குவதில் கடினமான பகுதி காகிதம். ராணுவ வண்டிகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்கீழ் தனிப் பதிவில் இருப்பவை. ஏலத்தில் விற்கப்பட்ட பிறகுதான் ஆர்.டி.ஓ. அலுவலகப் பதிவுக்கு வருகின்றன. ஆகவே ஏலத்தில் கொடுத்த தாள்களிலும் ஆர்.சி. புத்தகத்திலும் எஞ்சின் எண், சேசிஸ் எண் ஒன்றாக இருக்க வேண்டும். அதோடு நிற்காமல், அந்த எண்ணை இரும்பில் கண்ணால் பார்க்க வேண்டும். எனக்குக் காட்டப்பட்ட வண்டிகளில் ஒன்றில், எண் இருக்க வேண்டிய இடத்தில் புதிதாக வெல்டிங் வைத்த தகடு இருந்தது. துருப்பிடித்துவிட்டது, மாற்றினோம் என்றார் தரகர். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். வண்டியின் வயதை அறிய இன்னொரு வழியும் உண்டு. பழைய ராணுவ எண் எங்காவது பெயின்டுக்கு அடியில் தெரிந்தால், மேல்நோக்கிய அம்புக்குறிக்கு அடுத்த இரண்டு இலக்கங்கள் ராணுவம் அதை வாங்கிய ஆண்டைச் சொல்லும்.

'ஏலத் தாள் இருக்கிறது, பதிவை நீங்களே செய்துகொள்ளலாம்' என்று யாராவது சொன்னால், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே பொதுப் பதிவில் இருக்கும் வண்டியை மட்டும் பாருங்கள். என்னுடையது பஞ்சாபில் பதிவானது. அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, கோயம்புத்தூர் எண் பெறுவதற்குள் வண்டியை ஓட்டிய தூரத்தைவிட அலுவலகத்துக்கு நடந்த தூரம் அதிகம். 15 ஆண்டு கடந்ததால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று) பார்த்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு கடந்த கார், ஜீப்புகளுக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆகிவிட்டது.

அடுத்தது எஞ்சின் விவகாரம். சந்தையில் கிடைக்கும் ஜோங்காக்களில் ஏராளமானவற்றில் பழைய பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு ஏதோ ஒரு டீசல் எஞ்சினை உட்கார வைத்திருக்கிறார்கள். ஓட்டிப் பார்த்தேன், மைலேஜ் கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்திலிருந்து மாற்றிய வண்டியைப் பதிய முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்குத் தெளிவாகப் பொருள் சொல்லிவிட்டது. எஃப்.சி. நாளில் அந்த டீசல் எஞ்சின் பதில் சொல்லுமா? சட்டத்தை விடுங்கள், ரசனையையும் பாருங்கள். இந்த வண்டியில் உயர்ந்த பொருள் என்று ஒன்று இருந்தால் அது அந்த ஆறு சிலிண்டர்தான். காலை ஆறு மணிக்கு அது ஓசையில்லாமல் சுழல்வதைக் கேட்டவர்கள் அதைக் கழற்ற மாட்டார்கள்.

அதற்கான விலை பெட்ரோல். லிட்டருக்கு நான்கரை கிலோமீட்டர். மலையேற்றத்தில் அதுவும் இல்லை. கோவையிலிருந்து கொல்லிமலை போய்வந்தால் எரிபொருளுக்கு மட்டும் ஏறக்குறைய 9,000 ரூபாய் ஆகிறது. குடும்பத்தோடு நல்ல விடுதியில் இரண்டு நாள் தங்கியிருக்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். கணக்கு சரிதான். இப்போது எல்லா பெட்ரோல் பங்க்குகளிலும் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இந்த வண்டியின் ரப்பர் பாகங்கள் பிறக்கவில்லை. பெட்ரோல் குழாய்கள் முழுவதையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றினேன். பம்ப்பின் ரப்பர் சவ்வையும் மாற்றினேன். மாதக்கணக்கில் நிற்கும் வண்டி என்றால் தொட்டியில் பழைய பெட்ரோலைத் தேங்கவிடக் கூடாது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பிறகு தண்ணீர் அடியில் தங்கிவிடும்.

கொல்லிமலையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஜோங்காவின் குணம் முழுவதும் அந்தப் பாதையில் வெளிப்பட்டுவிடும். ஏறும்போது எஞ்சினுக்கு மூச்சு வாங்குவதே இல்லை. உங்கள் தோளுக்குத்தான் வாங்கும். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். இறுக்கமான வளைவுகளில் ஒரே வீச்சில் திரும்பாது, பின்னால் எடுத்து மறுபடி திருப்ப வேண்டியிருக்கும். அந்த நேரம் பார்த்து மேலிருந்து அரசு பஸ் வரும். ஓட்டுநர் பொறுமையாக நின்று, வண்டியைப் பார்த்துச் சிரித்து, 'எந்த வருஷம்?' என்று கேட்டுவிட்டுத்தான் போவார். நல்ல வெயிலில் ஏறினால் பாதி மலையில் எஞ்சின் இருமி நின்றுவிடும். பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடுவதுதான் காரணம். பம்ப்பின் மேல் ஈரத் துணியைப் போட்டுக் கால் மணி நேரம் நிழலில் உட்கார்ந்தால் ஒன்றும் நடக்காததுபோலப் புறப்படும். அதனால் விடியற்காலையில் ஏறுவதே வழக்கமாகிவிட்டது.

இறங்குவது வேறு கதை. டிரம் பிரேக்கை நம்பி இறங்கினால் பத்தாவது வளைவுக்குள் மிதியின் கீழ் உணர்ச்சி குறையத் தொடங்கும், லைனிங் கருகும் வாடை வரும். கியர்தான் இங்கே பிரேக். கீழ் கியரில் போட்டு, காலை எடுத்துவிட்டால், நான்கு லிட்டர் எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொண்டு நடத்தும். கியரைக் கீழே இறக்க இருமுறை கிளட்ச் மிதிக்கப் பழகாதவர்கள் இந்தப் பாதைக்கு வண்டியைக் கொண்டுவர வேண்டாம் என்று கண்டிப்பாகவே சொல்வேன். பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிப்பார்கள். ஒதுங்கி வழிவிட்டால் போயிற்று.

இவ்வளவு வலுவான வண்டி, காட்டுக்குள் கூடாரம் அடிக்கலாமே என்று கேட்கிறார்கள். கூடாது. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதே குற்றம். சரணாலயமும் புலிகள் காப்பகமும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தின்கீழ் வருபவை. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 20க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கே கெடுபிடி கூடியது, அது நியாயமும்கூட. சேறு தெறிக்க ஓடையில் இறங்கிப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். ஓடை என்பது விளையாட்டுத் திடலா? நான் தங்குவது தனியார் நிலத்தில், உரிமையாளரிடம் கேட்டு, வாடகை கொடுத்து. கொல்லிமலையில் காபியும் மிளகும் போட்டிருக்கும் தோட்டத்துக்காரர் ஒருவர், செம்மேட்டிலிருந்து விலகிய மேட்டில் இடம் தருகிறார். நான்கு சக்கர இழுவைக்கு அங்கேதான் வேலை. தார்ச்சாலை முடிந்து தோட்டத்துக்குள் ஏறும் செம்மண் தடத்தில், மழை பெய்த மறுநாள், வேறு வண்டிகள் கீழேயே நின்றுவிடும். லோ கியரில் போட்டால் ஜோங்கா அவசரமே இல்லாமல் ஏறிவிடும். மொத்தப் பயணத்தில் அந்தக் கடைசித் துண்டுக்காகத்தான் இந்தச் செலவெல்லாம்.

தூங்கும் ஏற்பாடு எளியது. பின்னால் நீளவாக்கில் இருக்கும் பெஞ்சுகளை மடக்கிவிட்டால் சமதளம் கிடைக்கும். கால் நீட்டப் பின்கதவைத் திறந்து போட்டு, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டவேண்டும். கூரை மேல் வைக்கும் கூடாரங்களைப் பற்றி நினைக்கவே வேண்டாம், துணிக்கூரையின் சட்டகம் அந்தப் பாரத்தைத் தாங்காது. ஐப்பசி மழையில் கான்வாஸ் தையல் வழியாக நீர் கசியும். மெழுகு தேய்த்தால் குறையும், நிற்காது. டிசம்பர் குளிரில் துணிக்கூரை இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான், நல்ல கம்பளி வேண்டும். யானை நடமாடும் வால்பாறை, மசினகுடிப் பக்கம் இதில் படுப்பதை நான் யோசிப்பதே இல்லை. அரிசி வாடைக்கு ரேஷன் கடைச் சுவரையே உடைக்கும் யானைக்குக் கான்வாஸ் ஒரு பொருட்டா?

உதிரி பாகங்களுக்கு அஞ்ச வேண்டாம். ராணுவத்தின் நிசான் ஒரு டன் வண்டியிலும் இதே எஞ்சின்தான் என்பதால் வடக்கே பழைய இருப்பு இன்னும் கிடைக்கிறது. கிடைக்காததைக் கோவையின் கணபதிப் பக்கம் லேத் பட்டறைகளில் மாதிரியைக் காட்டிக் கடைந்துகொள்ளலாம். பிரேக் லைனிங்கும் அப்படித்தான், அச்சுக்கு ஏற்ப ஒட்டித் தருகிறார்கள். கார்புரேட்டரைத் தொடத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடுவதுதான் ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது.

என் வண்டி 1987ஆம் ஆண்டினது. 50 ஆண்டு நிறைந்தால் 2021இல் வந்த விதிகளின்படி அதைப் பழம்பெரும் வண்டியாகப் பதிந்து, 'விஏ' எழுத்துள்ள எண்ணை வாங்கலாம். அப்படிப் பதிந்துவிட்டால் கண்காட்சி, பழைய வண்டிப் பேரணி, ஆய்வு, பராமரிப்பு, பெட்ரோல் நிரப்புவது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்க முடியும். கொல்லிமலையில் போய்ப் படுப்பது அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே அந்த எண்ணுக்கு நான் விண்ணப்பிக்கப் போவதில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலக வரிசையிலேயே நிற்பேன்.