கோர்சேர் 4000டி ஏர்ஃப்ளோ: பவர் சப்ளையை எப்படி மாட்டுவது?

இந்தக் கணினிக் கேபினெட்டில் பவர் சப்ளைக்கு இடம் கீழ்த்தளத்தில், அதை மறைக்கும் ஷ்ரவுட் மூடிக்குள். விசிறி தரையைப் பார்த்தபடி மாட்டுவதே நல்லது. அடித்துளைகள் வழியே குளிர்ந்த வெளிக்காற்றை இழுத்துப் பின்புறமாகத் தள்ளிவிடும். விசிறியை மேலே திருப்பினால் கிராபிக்ஸ் கார்டு கக்கும் சூட்டைத்தான் அது குடிக்க வேண்டும். சூடு ஏற ஏற விசிறி வேகமெடுத்து இரைச்சலும் கூடும்.

கேபினெட்டைக் கம்பளத்தின் மேல் வைப்பவர்களுக்கு மட்டும் கதை வேறு. அடித்துளைகள் அடைபடும் என்பதால், ஒரு பலகையை அடியில் போடுங்கள். முடியாதென்றால் விசிறி மேலேயே இருக்கட்டும். குறைந்த லோடில் விசிறி நின்றுவிடும் ரகங்களுக்கும் மேல்நோக்கு பாதகமில்லை, சூடு தானாக மேலெழும்.

பொருத்துவது பக்கவாட்டிலிருந்து, மதர்போர்டு தட்டின் பின்புறமாக. கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டும் மாடுலர் ரகமானால், அவற்றை முதலில் செருகிவிட்டே உள்ளே தள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க் கூண்டுக்கும் பவர் சப்ளைக்கும் நடுவே பிறகு விரல் நுழையாது. 3.5 அங்குல டிஸ்க் இல்லாதவர்கள் கூண்டையே கழற்றிவிடலாம்; கேபிள் சுருட்ட நல்ல இடம் கிடைக்கும். நான்கு திருகுகளையும் பாதி முறுக்கிய பின்பே இறுக்குங்கள். ஒன்றை முதலிலேயே இறுக்கினால் மற்ற துளைகள் நேர்ப்படாமல் மரை தேயும்.

அடித்துளைகளுக்கான தூசி வடிகட்டி பின்புறமாக உருவி வருகிறது. முன்பக்கமாக வரும்படி வைத்திருக்கலாம்! சுவரோடு ஒட்டி வைத்தால் ஒவ்வொரு முறையும் கேபினெட்டை இழுக்க வேண்டும். சோம்பலில் விட்டால் தூசி அடைத்து, விசிறி கீழே பார்த்தும் பயனில்லை.