வலம்புரியா, இடம்புரியா: கைரல் தன்மையைத் தீர்மானிக்கும் மூன்று வழிகள்

மூலக்கூறுகள் தாமாக அடுக்கமையும்போது வலம்புரி, இடம்புரி என்னும் வேறுபாடு எவ்வாறு பிறக்கிறது என்பதை இறுதியாண்டுத் திட்டமாக எடுக்க விரும்பும் பினாங்கு மாணவர்களுக்கு மூன்று வழிகள் உள்ளன. இவற்றில் எதைத் தேர்ந்தாலும், கைரல் தன்மை, அதாவது இடக்கை வலக்கை போல ஓர் அமைப்பும் அதன் ஆடிப்பிம்பமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாத தன்மை, தோன்றுவது வேறு, அதை நாம் விரும்பிய பக்கம் திருப்புவது வேறு என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதல் வழி, கரைசலைக் கலக்கிப் படிகமாக்குவது. சோடியம் குளோரேட் கரைசலில் உள்ள அயனிகளுக்குக் கைரல் தன்மை இல்லை. அவை படிகமாகும்போதுதான் அது தோன்றுகிறது. அசையாத கரைசலில் இருவகைப் படிகங்களும் ஏறத்தாழச் சமமாக விளையும். 1990இல் கொண்டேபுடி குழுவினர் கரைசலைக் கலக்கிக்கொண்டே படிகமாக்கியபோது, ஒவ்வொரு கலனிலும் அநேகமாக எல்லாப் படிகங்களும் ஒரே புரியாக அமைந்தன. முதலில் பிறந்த படிகம் கலக்கியில் அடிபட்டு உதிர்க்கும் துணுக்குகள் அதன் புரியையே கொண்டு பெருகுவதாலும், அதற்குள் செறிவு தாழ்ந்துவிடுவதாலும், மாற்றுப்புரி தலைதூக்க இடமிருப்பதில்லை. எனினும் அம்முதற்படிகம் எப்புரி என்பது தற்செயலே.

இரண்டாவது வழி, ஆய்வாளர் வியெட்மா 2005இல் காட்டிய முறை. அதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். சோடியம் குளோரேட்டின் தெவிட்டிய கரைசலில் அதன் இருவகைப் படிகங்களையும் கண்ணாடி மணிகளுடன் இட்டு இடைவிடாமல் கலக்கி அரைத்தால், நுண்துணுக்குகள் கரைந்து தம் புரியை இழப்பதும் பெரியவை வளர்வதும் தொடர்ந்து, இறுதியில் ஒரே புரி எஞ்சுகிறது. தொடக்கத்தில் சற்றே மிகுந்திருக்கும் புரி வெல்வதால், முடிவை நாமே தீர்மானிக்கலாம். காற்றில் ஈரம் மிகுந்த நம் ஊரில் கரைசல் ஆவியாகக் காத்திருக்க வேண்டியதில்லை. மூடிய குப்பியே போதும். இருவகைப் படிகங்களும் ஒளியின் அதிர்வுத் தளத்தை எதிரெதிர்த் திசைகளில் திருப்புவதால், புரியை அறிய இரண்டு போலராய்டு தகடுகள் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை) போதும். ஆனால் குளோரேட் வலிய ஆக்சிஜனேற்றி. அதை உலர்நிலையில் அரைப்பதோ, கரிமப் பொருளுடன் கலப்பதோ கூடவே கூடாது.

மூன்றாவது வழி, ‘படைத்தலைவரும் வீரர்களும்’ எனப்படும் நெறி. 1989இல் மார்க் கிரீன் குழுவினர் பாலிஐசோசயனேட் என்னும் பல்லுறுப்பியின் சங்கிலிகளில் இதைக் கண்டனர். 1997இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகர ஆய்வாளர்கள் தட்டுவடிவ மூலக்கூறுகள் அடுக்கமைந்த தூண்களிலும் காட்டினர். கைரல் மூலக்கூறுகள் சிறிதளவே கலந்திருந்தாலும், கைரல் தன்மையற்ற ஏனையவை அவற்றின் திருப்பத்தையே பின்பற்றுகின்றன. கட்டுப்பாட்டில் இதுவே மேலானது. ஆயினும் மூலக்கூறுகளை வேதிவினைகளால் தொகுத்து உருவாக்கும் திறமும், வலப்புறமும் இடப்புறமும் சுழலும் ஒளியை ஒரு பொருள் உறிஞ்சுவதில் உள்ள வேறுபாட்டை அளக்கும் வட்ட இருநிறமை அளவி என்னும் விலையுயர்ந்த கருவியும் வேண்டும். மூலக்கூறுகள் அடுக்கமைந்து உருவான இழைகள் ஒரே திசையில் சாய்ந்துவிட்டால் கருவி பொய்க்குறியும் காட்டும். மேலும், இங்கே புரி வெளியிலிருந்து கொடுக்கப்படுவதால், அது முதலில் எப்படித் தோன்றிற்று என்ற கேள்விக்கு இவ்வழியில் விடை கிடைக்காது.